மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
மண்டபத்தில் படகுகளை
இடித்துக்கொள்ளாதபடி தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள்.
கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகும்.
மடிக்கணினியில் முப்பத்தெட்டு சதவீதம்.

டீசல் மானியப் பட்டியல் சென்னை சர்வரில் பத்திரம்.
படங்கள் போனில்.
யாரும் கேட்காததைத்தான் இப்போது எடுக்க வேண்டும்:
இடப்பக்கம் நிற்கும் பட்டை,
தமிழுக்குத் தாவும் சாவி,
கண்ணுக்காக ஏற்றி ஏற்றிப்
பதினாலில் நிறுத்திய எழுத்தளவு.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் உயிர் அடங்கும்.
இங்கே பெயருக்கு முன்னால் புள்ளி;
கோப்பே அடங்கிவிடுகிறது.
கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினேன்.
வற்றத்தில் பார் தலைகாட்டுவதுபோல்
வரிசையாக வந்தன.

ஒன்றில், உபுண்டு போட்டுக் கொடுத்த டெல்பினா
போகும்போது எழுதிவைத்த வரி:
# இதத் தொடாதீங்கக்கா
ஒருமுறை தொட்டேன்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
தொண்டி தொண்டியாகவே இல்லை.
ஓசூருக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கினேன்.

உப்புக்காற்றில் முனை பழுத்த பென்டிரைவ்.
துப்பட்டாவில் துடைத்து,
மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது.
பதினோரு எம்பி.
இரண்டு பாட்டுக்கு ஆகும் இடம்.
மாத்திரைக் கவரில் போட்டு, ரப்பர் சுற்றி
அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

ராத்திரி முழுக்கத் தகரம் பேசியது.
விடிந்தால் கூண்டை இறக்கிவிட்டார்கள்.
வடக்கே ஒதுங்கிவிட்டதாம்.

திறந்து உட்கார்ந்தேன்.
தூக்கமில்லாத கண்ணுக்கு எல்லாமே மங்கல்.
பதினைந்து ஆக்கினேன்.
அரிசிக்குள் இன்னும் பதினாலு.