குறிச்சொல்

புதன்கிழமை, மூன்றாம் பீரியட், நூலக வகுப்பு.
மன்னார்குடியில் காலையிலிருந்தே
கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது.
நாளிதழ் மேசை வரைதான் வைஃபை எட்டும்.
ஆகவே இருபத்திரண்டு பேரும்
நேற்றைய தலைப்புச் செய்திகள் மேல் முழங்கை ஊன்றி
நெருக்கியடித்து நின்றார்கள்.

இணையத்தில் கூட்டாக ஒரு நூற்பட்டியல்.
யார் எதைப் படித்தாலும் ஏற்ற வேண்டும்,
பக்க எண்ணோடு, எங்கே கிடைத்ததென்ற குறிப்போடு.
வாட்ஸ்அப் குழுவில் சுட்டியைப் போட்டேன்.
முதல் பதில்:
ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்.

பழைய பாசன அறிக்கை ஒன்றை
ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தான்
முத்துப்பேட்டை நஜ்முதீன்.
என் அட்டையில் அதன் பொருள் தலைப்பு
நீர்ப்பாசனம் – வடிகால் – நிர்வாகம்.
பதினெட்டு வருஷமாக அந்தச் சிறு கோடுகளை
இடம் தவறாமல் போட்டு வருகிறவள் நான்.
அவன் போட்ட குறிச்சொல்
தண்ணி எட்டாத ஊரு.

பேச்சுவழக்கு, அழி என்றேன்.
"கடைமடைன்னு மாத்தட்டுங்களா மேடம்?"
அதுவும் பட்டியலில் இல்லை.
மணி அடித்தது.
அழிக்க மறந்தான்,
இல்லை, மறந்தவன்போல் போனான்.

ராத்திரி பத்தேமுக்காலுக்கு அதன் அடியில் ஒரு குறிப்பு.
வேம்பரசி, திருவாரூரில் ஆய்வு மாணவி,
முகம் தெரியாது.
"ரெண்டு வருஷமா நீர்ப்பாசனம்னு தேடினேன்,
அணைக்கட்டா வந்து விழுந்துச்சு.
இன்னிக்கு ஆத்திரத்தில்
பொதுப்பணித் துறை வாசலில் எங்கப்பா கத்துறதை
அப்படியே தட்டினேன். இது வந்தது.
பக்கம் நாற்பத்தொன்று, மூன்றாம் வரி,
செட்டளூர் இல்லை, சேத்தளூர்.
அச்சுப்பிழை.
என் ஊருங்க அது."

யார் சொன்னாலும் சரிபார்க்காமல் ஏற்காதே என்று
பாடம் நடத்துகிறவள்.
காலையில் முதல் வேலையாக அசலை எடுத்தேன்.
பின்னட்டைப் பையில் மடித்த வரைபடம்,
மடிப்பெல்லாம் விரிசல்.
பாமணியாற்றிலிருந்து பிரிந்து
முடியிழைபோல் மெலிந்த ஒரு கோடு
சும்மா நின்றுவிடுகிற இடத்தில்
பொடி எழுத்தில் இருந்தது
சேத்தளூர்.

எதையும் அழிக்கவில்லை.
பிழையைத் திருத்தி, கண்டவர் வேம்பரசி என்று எழுதினேன்.
நஜ்முதீனின் சொல்லுக்குக் கீழே
என் தலைப்பையும் சேர்த்தேன், கோடுகளோடு.

அடுத்த புதன் அவன்தான் கேட்டான்,
"இதுக்கு இன்டர்னல் மார்க் உண்டா மேடம்?"

பக்க எண் போட்டிருந்தால் உண்டு என்றேன்.
பன்னிரண்டு பேர்
அவசரமாகக் குனிந்தார்கள்.