பதினான்காம் கேள்வி

பதினான்காம் கேள்விக்கு விட்டிருந்த இடம்
இரண்டு விரல் அகலம்.
"கருவி பொருத்துவதற்கு முன்
வெளியேறும் மாசின் அளவு.
ஆய்வக முத்திரை அவசியம்."

பதின்மூன்று வரை ஒரே ராத்திரியில் எழுதிவிட்டேன்.
பெயர்: ஒச்சம்மாள்.
படிப்பு: பட்டயம், இயந்திரவியல்.
முகவரி: கப்பலூர் தொழிற்பேட்டை, தகரக் கொட்டகை,
கதவில் எண் இல்லை,
பேட்டரிக் கடைக்கு எதிரில் என்று போட்டால் தபால் வந்துவிடும்.
கேட்கும் மானியம்: மூன்றே முக்கால் லட்சம்.
என் பங்கு: ஒன்றே கால்.
ஏலச்சீட்டை நாலாம் மாசமே தள்ளி எடுத்ததில்
கழிவு போகக் கையில் நின்றதும் கிட்டத்தட்ட அதுதான்.

கருவி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
ஒரு கூம்பு.
உள்ளே விட்டால் புகைக்குத் தலைசுற்றும்,
சாம்பலைக் கீழே போட்டுவிட்டு மேலே போகும்.
வாயில் ஒரு தண்ணீர்த் திரை.
தாவூது அண்ணன் பற்றவைத்த இணைப்பு
விரலால் தடவினாலும் தட்டுப்படாது.

புகைதான் வேண்டியிருந்தது.

வாடிப்பட்டி போனேன், சோணைமுத்து ஆலைக்கு.
அவித்த நெல்லின் வாடை, உமி உலை.
சுற்றி மூன்று தெருவில்
மாடியில் யாரும் வெள்ளைத் துணி காயப்போடுவதில்லை.
டீ வாங்கிக் கொடுத்தார்.
கூம்பைத் தட்டிப் பார்த்து, நல்ல தகடு என்றார்.
அளவெடுக்க ஒரு நாள் கொடுங்கள் என்றதும்
டம்ளரைக் கீழே வைத்தார்.
"ஏம்மா, ஏம் புகை இம்புட்டுன்னு
நானே எழுதிக் கையெழுத்துப் போடவா?
ஒனக்கு மானியம் வரும்.
எனக்குப் பூட்டு வரும்."

தப்புச் சொல்ல முடியவில்லை.
சமயநல்லூரில் ஒருவர், செக்கானூரணியில் இருவர்.
எல்லா ஆலையிலும் புகைபோக்கி இருந்தது.
யாரிடமும் புகை இல்லை.

சரி என்று
கொட்டகைக்குப் பின்னால் நானே ஓர் உலை கட்டினேன்.
செங்கல் நூற்றிருபது,
பழைய போர்க் குழாய்,
எட்டு மூட்டை உமி.
உமி சோணைமுத்து அனுப்பியது, காசு வாங்கவில்லை.
கூம்பை மாட்டாமல் மூன்று நாள் எரித்தேன்.
புகையைக் குறைக்கவென்று தொடங்கிய கம்பெனியின்
முதல் உற்பத்தி
புகை.

நாலாம் நாள் பேட்டரிக் கடை ஜெயக்கொடி புகார் கொடுத்துவிட்டார்.
அவர் கோபமும் நியாயம்,
சுவருக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார்.

வாரியத்து ஜீப் வந்தது.
இரண்டு பேர், ஒரு பெட்டி, ஒரு நீளக் குழாய்.
ஏணியைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டேன்.
வெள்ளை வடிதாள் உள்ளே போய்
மை பூசியதுபோல் திரும்பி வந்தது.
தார்ப்பாய்க்கு அடியில் என்ன என்று ஒருவர் கேட்டார்.
"இந்தப் புகையைக் குறைக்கிற கருவி, சார்."
"அப்ப மாட்ட வேண்டியதுதானே?"
அதற்கு என்னிடம் பதில் இருந்தது.
பதினாறு பக்க விண்ணப்பமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பதிவுத் தபால்.
ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பதினைந்து நாளில் விளக்குக.
தாவூது அண்ணன் இரண்டு தடவை படித்துவிட்டு
வெல்டிங் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.
நான் பின்பக்கத்தைத் திருப்பினேன்.
கன மீட்டருக்கு
ஆயிரத்து நூற்று நாற்பது மில்லிகிராம்.
நீல மசியில், கொஞ்சம் சாய்ந்து,
ஆய்வக முத்திரை.

புதூர், தொழில் மைய அலுவலகம், மூன்றாம் மேசை.
எழுத்தர் தாள் தாளாகப் புரட்டி வந்து ஓரிடத்தில் நின்றார்.
"இது ஒங்க மேலயே வந்த நோட்டீஸ்ல?"
"ஆமாங்க. இணைப்பு மூன்று."
பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.
இருவருமாக விதிமுறைப் புத்தகத்தில் தேடினார்கள்.
கூடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை.
"ரெண்டு நகல் குறையுதேம்மா."

எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை.
கரண்ட் இல்லை, வாசலில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
தாள்களை நீட்டிவிட்டு
அதன் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
சின்னது.
ஒரு சாண் கூம்பு போதும்.