ஐந்தாவது பவுல்

அட்டவணையில் எட்டாம் இடத்துக்கு எதிரே
முதலாம் இடம். அப்படித்தான் போடுவார்களாம்.
பருவம் முழுக்க ஆடி மூன்றே மூன்று வென்று
மழை கைவிட்ட ஒரு மட்ச்சின் பாதிப் புள்ளியில்
நாங்கள் எட்டாவது.

மாங்குளத்தில் பஸ் ஏறும்போது ஆறு பேர்.
டிலக்சிக்கு நெருப்புக் காய்ச்சல்.
கோகுலவாணிக்கு அக்காவின் கலியாணம்
அதுவும் இன்றைக்கு, அதுவும் கிளிநொச்சியில்.
"தாலி கட்டின உடனை ஓடி வாறன்
பேரை மட்டும் தாளிலை எழுதுங்கோ."
அவளுடைய சப்பாத்து எங்களோடு வந்தது.

அவர்களுக்கு இரண்டு பயிற்றுநர், ஒரு ஐஸ் பெட்டி.
எங்களுக்குக் கல்லூரியில் கிரவல் தரை.
பந்தைத் தட்டினால் அது தன் பாட்டில் போகும்,
ஆகவே தட்டுவதை விட்டு எறியப் பழகினோம்.
இங்கே சீமெந்தில் பந்து
கேட்ட இடத்துக்கே திரும்பி வந்தது.
அந்த மரியாதைக்கு நாங்கள் கூச்சப்பட்டதில்
முதல் கால்பகுதி போயிற்று.

பிறகு பிடித்தோம்.
வினுசியா மூலையில் நின்று எறிந்ததெல்லாம் விழுந்தது,
ஏனென்று அவளுக்கே தெரியாது.

ஆறு நிமிடம் இருக்க றிஸ்னாவுக்கு ஐந்தாவது பவுல்.
நாலு நிமிடம் இருக்க சுபாங்கிக்கு.
மேசையில் விசில், விரல் ஐந்து,
வாங்கில் ஆள் இல்லை.

நாலு பேராய் நின்றோம்.
ஒலிபெருக்கிக்காரர் குரலைத் தாழ்த்தி
"எஞ்சியவர்கள்..." என்று தொடங்கினார்.
வேண்டாம் அண்ணை.
இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கு.
இது பந்து.
ஐந்து பிழை விட்ட பிள்ளை வெளியே இருந்து
தோடம்பழம் தின்கிறாள், அவ்வளவுதான்.

நாலு பேருக்குக் கோட் பெரிசு.
ஓடவில்லை, எறிந்தோம்
ஸ்ரெபானி எனக்கு, நான் இசைநிலாவுக்கு
அவள் பார்க்காமலே பின்னால்.
நாற்பத்தைந்து, நாற்பத்துநாலு.
பதினொரு செக்கன். பந்து எங்களுக்கு.

அப்போதுதான் கேற்றடியில் ஒரு ஓட்டோ.
பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி
வெறுங்காலோடு கோகுலவாணி.
றிஸ்னாவும் சுபாங்கியும் துவாயைச் சுற்றிப் பிடிக்க
சேலை விழுந்தது, உள்ளே ஜேர்சி.
விடியவே போட்டுக்கொண்டுதான்
மாப்பிள்ளை வீட்டாருக்குப் பன்னீர் தெளித்திருக்கிறாள்.

நடுவர் மிஸ் காப்பைக் காட்டினார்.
கழரவில்லை.
தண்ணீர், பிறகு சவர்க்காரம்,
பிறகு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள்
எதிரணித் தலைவி.
ஆறு காப்பும் மேசையில், புள்ளித்தாளுக்குப் பாரமாய்.

அவள் எறிந்தாள். நான் பிடித்தேன்.
கண்ணாடிப் பலகையில் பட்டு
கிரவலில் எழும்புவதுபோல் கோணலாய்ப் போனது பந்து.
நான்தான். வேறு யாருமில்லை.
கோட்டில் இரண்டு மல்லிகைப் பூ கிடந்தது.

முறிகண்டியில் எல்லா பஸ்ஸும் போல எங்களதும் நின்றது.
சாரதி கச்சான் வாங்கப் போய் வந்தார்.
பின் சீற்றில் ஏழு பேர்,
மடியில் கலியாண வீட்டுச் சோற்றுப் பார்சல்
ஒருத்தியின் கத்தரிக்காய்க் குழம்பு இன்னொருத்தியின் ஜேர்சியில்.
"வெண்டிட்டியளோ?"
"இல்லை அண்ணை."
"அப்ப என்னத்துக்கு இந்தச் சத்தம்?"

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.
வாய் நிறையச் சோறு.