இருநூற்று நாற்பது ஓம்

மாங்குளம் தாண்டி, ஒலுமடு வருமுன்னம்
கார் நின்றுபோனதென்று நகுலாம்பிகை அக்கா போனெடுத்தபோது
நான் ஒரு லான்ட்மாஸ்ரருக்கு லைற் பூட்டிக்கொண்டிருந்தேன்.
"முள்ளு நிறைஞ்சு நிக்குது தம்பி,
காரும் நிக்குது.
பின்சீற்றில பொம்பிளை இருக்கிறா."

ஐம்பத்தாறாம் ஆண்டு மொறிஸ் மைனர்.
முள்ளை மாற்றியது நான்தான்.
பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்த மீற்றர்,
கறுப்பு முகம், இரவில் பச்சை வெளிச்சம்.
தாங்கியில் எவ்வளவு கிடக்கிறதென்று
பூட்டிய அன்று நான் கேட்கவில்லை.
முள் எழும்பியது, காசு வாங்கினேன்.

சோடாப் போத்தலில் பெற்றோலோடு போனேன்.
இரண்டு பக்கமும் காடு.
தள்ளித் தள்ளித் தோழன்மாரின் பட்டு வேட்டியெல்லாம் புழுதி.
மணப்பெண் கண்ணாடியை இறக்கி
"அண்ணை, பத்து நாற்பதுக்கு முகூர்த்தம்" என்றாள்
பஸ் கொண்டக்டரிடம் சொல்கிற மாதிரி.
ஊற்றினேன். முள் அசையவில்லை.
பின்னேரம் ஷெட்டில் நிறைய அடிக்க அடிக்க
அது கீழே விழத் தொடங்கியது.

டிக்கித் தரைக்குக் கீழே ஆறு ஸ்குரூ.
கழற்றினால் பித்தளை மிதவை,
இன்னமும் மண்ணெண்ணெய் மணக்கிற ஒரு கை.
அடியில் விட்டால் இருநூற்று நாற்பது ஓம்.
விரலால் உயர்த்த முப்பத்து மூன்று.
மீற்றர் படித்த கணக்கு வேறு:
வெறுமைக்குப் பூச்சியம், நிறைவுக்குத் தொண்ணூறு.
கேள்வியும் சரி, பதிலும் சரி,
ஒன்றுக்கொன்று பிறந்ததில்லை.

"ஓமெண்டா?"
"தடை, அக்கா. வெறுந்தாங்கிதான் கூட ஓம் சொல்லும்."
"தடைக்கு ஆரடா ஓமெண்டு பேர் வச்சது?"
நிறைகுடம் என்று ஏதோ தொடங்கினேன்.
"அதை விடு. பொம்பிளை வீட்டார்
ஹயர்க் காசில ஆயிரம் கழிச்சிட்டினம்."

சரியான மீற்றர் வரப் பத்து நாள்.
அதுவரை நிறைவென்ற கோட்டின் மேல்
தலைவலிப் பிளாஸ்ரர் ஒரு துண்டு.

வந்தது. பூட்டினேன்.
இம்முறை லீற்றர் லீற்றராய் ஊற்ற
அவ ஹயர்க் கொப்பியில் குறித்தா.
முள் பாதியில் நின்றபோது பதினொன்று,
நிறைந்தபோது இருபத்தாறு.
"அப்ப பாதி பாதியில்லை."
"தாங்கியின்ர வடிவம் அப்பிடி."
அதையும் எழுதினா.

டிக்கியில் ஒரு கிளுவந்தடி, கத்தியால் கொத்திய ஏழு வெட்டு.
பெற்றோல் துளியில் ஸ்ராட் எடுத்து
மண்ணெண்ணெயில் ஓடிய காலத்துத் தடி.
இனி வேண்டாமே என்று வெளியே எடுத்தேன்.
பறித்து உள்ளே வைத்தா.
"இதுக்குக் கணக்குத் தெரியாது.
நனைஞ்சால் நனைஞ்சது."

காசை எண்ணித் தந்தா, ஆயிரம் குறைவாக.
"சரிதானே?"

ஓம் என்றேன்,
ஒரு தரம்.