பதினொன்றாம் எண் பேருந்து, சஹம்

வியாழக்கிழமை பத்தரைக்கே மணி அடித்துவிட்டார்கள்.
வானம் வெறும் வெள்ளை. ஒரு இலை அசையவில்லை.
"இதுக்கா லீவு?" என்றான் ஆல்வின், படியேறும்போதே ஏமாந்து.
முப்பத்தொரு தலை எண்ணிக் கதவைச் சாத்தினேன்.

இந்தக் கடற்கரையில்
கண்ணாடி வெளிப்பக்கம்தான் வியர்க்கும்.
உள்ளே ஏ.சி. குளிர், வெளியே கடலின் மூச்சு.
எட்டாம் வகுப்பு நிதர்சனா ஜன்னலைத் தள்ளி
கையை வெளியே விட்டு வட்டம் வரைகிறாள்.
கையை உள்ளே எடு, என்று கத்துகிறேன். எடுக்கவில்லை.

"இந்த வேர்வைதான் புயலோட டீசல்" என்கிறாள்
பின்சீட்டுப் பொடிசுகளிடம்.
"கடல் இன்னைக்கு முப்பத்தொரு டிகிரி.
இருபத்தாறரை தாண்டினாலே போதும் அதுக்கு.
ஆவி மேல போகும், மேல போய்த் தண்ணியாகும்,
ஆகறப்போ சூட்டைக் கக்கும்.
அந்தச் சூடு இன்னும் காத்தை இழுக்கும்."
"ஏன் சுத்துது?"
"பூமி சும்மா இருந்தாத்தானே."

ஒன்றாம் வகுப்பு ரிஃபா கேட்டாள்:
புயலுக்குக் கண் இருக்காமே, அது பார்க்குமா?
"பார்க்காது.
கண்ணு வந்தா காத்து நின்னுடும், நட்சத்திரம் தெரியும்.
முடிஞ்சுதுன்னு வெளிய வருவாங்க.
பாதிதான் முடிஞ்சிருக்கும்."

கியர் மாற்றிக்கொண்டே கேட்டேன்.
ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன் இந்த வண்டியை.
பாடம் எல்லாம் எனக்கு முதுகுப்பக்கமாகத்தான் வரும்.

பிறகு அந்தப் பள்ளம்.

இங்கே காட்டாற்றுக்கு வாதி என்று பெயர்.
வருடத்துக்கு ஒருமுறைதான் வழக்குப் போட வரும்,
வந்தால் வாய்தா கேட்காது.
இங்கே தூறல்கூட இல்லை; மலையில் பெய்திருக்கிறது.
சாலைக்குக் குறுக்கே
டீ நிறத்தில் ஒரு கோடு, நுரையோடு.
சிவப்பு வெள்ளை அளவுக்கம்பத்தில் முழங்கால் உயரம்.

முன்னால் ஒரு லேண்ட் குரூசர் பாய்ந்து கடந்தது.
ஒன்றும் ஆகவில்லை அதற்கு.
பின்னால் ஆரன். போனில் சூப்பர்வைசர்.
என் கால் ஆக்ஸிலேட்டர் மேல்தான் இருந்தது,
சொல்லிவிடுகிறேன், அது உண்மை.

"அங்கிள்" என்றாள், சத்தம் போடாமல்.
"ஒரு கன மீட்டர் தண்ணி, ஒரு டன்.
நின்னா டன். ஓடினா அதுக்கும் மேல."
யாரும் பேசவில்லை.
ஆல்வின் கூட.

ரிவர்ஸ் போட்டேன்.
ஆரன் அடித்தவர்கள் திட்டியது நாலு மொழியில்.
மேட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில் வண்டியை நிறுத்தி
ஒருவர் கொடுத்த பேரீச்சம்பழத்தை முப்பத்தொன்றாகப் பங்கிடும்போது
கீழே பெரிய லாரி உருளுவது போல ஒரு சத்தம்.
எட்டிப் பார்த்தோம்.
அளவுக்கம்பம் இல்லை.
சாலையும் இல்லை. ஒரு வாட்டர் டேங்க் மட்டும்
அவசரமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெற்றோர் ஒவ்வொருவராக மேட்டுவழி வந்து சேர மாலையாயிற்று.
டிரிப் ஷீட்டில் தாமதக் காரணம் எழுத
இரண்டு அங்குலக் கட்டம்.
'ஒரு கன மீட்டர், ஒரு டன்' என்று எழுதினேன்.
சூப்பர்வைசர் இன்னும் விளக்கம் கேட்கவில்லை.

அன்று இரவு அறையில் ஆறு பேர்.
கடல்பக்கச் சுவர் மூன்று மணி நேரம் அதிர்ந்தது,
ஏ.சி. பெட்டி ஓட்டை வழியே உப்புத் தண்ணீர்.
இரண்டு மணிக்குச் சட்டென்று நின்றது.
காது அடைத்தது போல ஒரு அமைதி.
முடிஞ்சுதுடா, என்று குணாளன் எழுந்தான்,
மாடியில் காயப்போட்ட சட்டையைப் பார்க்க.
கதவைத் திறந்தால், நிஜமாகவே நட்சத்திரம்.

நான் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன்.
"பாதிதான்" என்றேன்.
யார் சொன்னது, என்றான்.
எட்டாம் வகுப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
சொன்னேன்.

சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
மலைப்பக்கச் சுவர் அதிரத் தொடங்கியது.