அண்டி ஆபீஸ் பூட்டிக் கிடந்த செவ்வாய்

கப்பல் வரல்லண்ணு மேஸ்திரி சொன்னாரு.
ஆப்பிரிக்காவுலேருந்து வரவேண்டிய தோட்டண்டி
நடுக்கடல்ல எங்கயோ நிக்குதாம்.
"அப்பம் நாம போயி அந்தக் கடலப் பாப்போம்"ண்ணு
கிளாடிஸ் சொன்னது தமாசுக்குத்தான்.

செவ்வாய்க்கிழம காலம்பற ஏழேகாலுக்கு
களியிக்காவிளை ஸ்டாண்டுல நாலு பேரு நிக்கோம்.
கிளாடிஸ், புஷ்பலீலா, செல்லபாய், நான்.
செல்லபாய் கால்ல புதுச் செருப்பு,
விலைச்சீட்டு கூட கிழிக்கல்ல.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்.
பலகையில எழுத்தெல்லாம் உருண்டு போச்சு,
பஸ்ஸுக்குள்ள பேச்சு மட்டும் உருளல்ல.
முன்சீட்டுக்காரி மருமவளத் திட்டினது
எங்க ஊருத் திட்டுதான்.

தம்பானூர்ல எறங்கினதும் காப்பிக்கடை.
திருகாணியப் போல சுத்திச் சுத்தி ஏறுற கட்டடம்.
படி கெடையாது, தரையே சாஞ்சு மேல போவுது.
விசிறித் தலைப்பாக் கட்டின ஆளு
கட்லெட் கொண்டு வச்சான்.
உள்ள பீட்ரூட்டு, ரெத்தம் போல.
அவன் கண்ணு எங்க வெரல்ல நிண்ணுது.
தொலி எண்ண தின்னுத் தின்னுக் கறுத்த வெரலு.
"சோப்பு அங்க இருக்கு"ண்ணான்.
"கழுவீட்டுத்தான் இருக்கோம் அண்ணா"ண்ணு
புஷ்பலீலா சிரிச்சா.
அவனுக்கு ஏதோ போல ஆயிப்போச்சு,
சட்டினி ரெண்டாந்தடவ கேக்காமலே வந்துது.

மிருகக்காட்சிச் சாலையில
நீர்யானை வாயத் தொறந்துது.
ஒரு சாக்கு அண்டி கொள்ளும்ண்ணு
புஷ்பலீலா கண்ணால அளந்தா.
புலி ஒறங்கிட்டு கெடந்துது.
டிக்கெட்டுக் காசு தண்டம்ண்ணு
கிளாடிஸ் கம்பிக்கு இந்தப் பக்கம் நிண்ணு
உறுமிக் காட்டினா.
ஸ்கூல் பிள்ளையோ கைதட்டிச்சு.

சாலைக் கடைத்தெருவுல கண்ணாடித் தாளுக்குள்ள
நம்ம பருப்பு.
அரைக்கிலோ ஐந்நூத்தி நாப்பது.
யாரும் கணக்குப் போட்டுச் சொல்லல்ல,
நாலு பேரும் போட்டுட்டோம்.
செல்லபாய் ஒரு பொதிய எடுத்து
வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா.
"முழுசுண்ணு எழுதியிருக்கு,
உள்ள பாதி பிளவு கெடக்கு."
கடக்காரன் பொதிய வாங்கித் திருப்பிப் பாத்தான்,
அவளயும் பாத்தான்.
"சேச்சி எங்கயாக்கும்?"
அவ பதிலு சொல்லல்ல,
கைய மட்டும் விரிச்சுக் காட்டினா.

வெயிலு சாயும்போ சங்குமுகம்.
ரோட்டுல பாதிய கடலு தின்னு வச்சிருக்கு.
கரையில கடல்கன்னி சிலை,
ஒரு வீடு நெகளம் வரும்,
மல்லாந்து கெடக்கா.
நாங்க இம்புட்டு வருசமா குத்தவச்சு இருந்து தல்லுறவிய.
முட்டு மடங்கினா நிமிராது,
நிமிந்தா மடங்காது.
இவ கெடப்பப் பாத்துட்டே நிண்ணோம்.
"இவள எழுப்ப மேஸ்திரி இல்ல பாத்தியா"ண்ணா கிளாடிஸ்.

பெறவு யாரு மொதல்ல படுத்தாண்ணு தெரியல்ல.
மணல்ல நாலு பேரும் நீட்டி நிமிந்து.
கடலை விக்கிற பயல் சுத்திக்கிட்டுப் போனான்.
தலைக்கு மேல பிளேன்,
சக்கரம் தெரியுற அளவுக்குத் தாழ,
காது அடைச்சுப்போச்சு.
புஷ்பலீலா கண்ணப் பொத்திக்கிட்டா,
காத அல்ல.

தூரத்துல ஒரு கப்பலு,
புள்ளி போல, அசையாம.

கிளாடிஸ் பையில போனு அடிச்சுது.
மேஸ்திரி.
ரெண்டு தடவ அடிச்சு நிண்ணுது.
மூணாந்தடவ நான்தான் எடுத்தேன்.
"கப்பல் வந்துட்டு, நாளக்கி ஆறு மணிக்கு வரணும்."
"ஆமா, பாத்துட்டுத்தான் கெடக்கோம்"ண்ணேன்.
அவருக்கு வெளங்கல்ல.

எழும்பி மணலத் தட்டும்போதாக்கும்
செல்லபாய்க்கு ஒத்தச் செருப்பக் காணல்ல.
தேடினோம், இருட்டுற வர.
ஒண்ண மட்டும் வச்சு என்ன செய்யண்ணு
அவ மத்ததயும் கடலுக்குள்ள வீசினா.
அல அத அப்படியே திருப்பிக் கொண்டுவந்து
கால்கிட்ட போட்டுது,
விலைச்சீட்டோட.