துண்டு மறைத்த பெயர்

மூக்கையூருக்கு நான் போனது ஒரு டாட்டா ஏஸைப் பார்க்க.
மீன்பெட்டிகளோடு உப்பளத்து வளைவில் கவிழ்ந்த வண்டி.
முன், பின், இடம், வலம்,
சேசிஸ் எண் தெரிய இன்னொன்று.
ஐந்து படம் எடுத்தால் இன்சூரன்ஸ்காரியின் வேலை முடிந்தது.
“உள்ள வாங்க மேடம்,
இதையும் ஒரு பார்வை பாருங்க” என்றார் பஸ்தியான்.

மாதா படத்துக்குக் கீழே,
வைஃபை பெட்டி கண்சிமிட்டும் வெளிச்சத்தில்,
சட்டத்துக்குள் பழுப்பாய் ஒரு கார்.

ஆஸ்டின் என்கிறார் அவர்.
ஃபோர்டு என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல்,
கொழுந்தியாள் செலஸ்தீன்.
பழைய பங்குச் சாமியார் ரோல்ஸ் ராய்ஸ் என்று சொல்லிவிட்டு
இன்னொரு துண்டு சீலா வாங்கிச் சாப்பிட்டாராம்.
பதினேழு வருஷமாய்த் தீராத வழக்கு.

நெளிவைப் பார்த்து வேகம் சொல்கிறவள் நான்.
படத்தைக் கழற்றி வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனேன்.

சக்கரத்தில் மர ஆரம். பன்னிரண்டு.
கம்பி ஆரம் போட்ட வண்டிகளெல்லாம் ஒரே எண்ணிக்கையில் வெளியேறின.
பானெட்டின் பக்கத்தில் மீன் செவுள் மாதிரிக் கீறல்கள்,
பதினான்கு வரை எண்ணலாம்,
மிச்சத்தைச் செல்லரித்திருக்கிறது.
கதவுக்குக் கீல் பின்பக்கம்.
மட்கார்டில் விரித்த ஒரு கை; அது ஒன்பது அங்குலம் என்று வைத்தால்
அச்சுக்கு அச்சு ஒன்பதடி.
சின்ன ஆஸ்டினுக்கு இது மிக நீளம்.
அந்தக் காலத்து ஃபோர்டுக்கும் அரையடி கூடுதல்.
டாட்ஜாக இருக்கலாம், ஓவர்லேண்டாக இருக்கலாம்.
‘இருக்கலாம்’ எழுத என் படிவத்தில் கட்டமில்லை.

பெயர் இருக்கவேண்டியது ரேடியேட்டரின் நெற்றியில்.
அங்கே ஒரு துண்டு தொங்குகிறது.
பிழிந்து, உதறி,
சொந்த வீட்டுக் கொடியில் போடுவதுபோல் போட்ட துண்டு.
எண் பலகைக்கு நேரே
குத்தவைத்திருக்கும் ஒருவரின் முழங்கால்.

விபத்தென்றால் முதலில் தரையைப் பார்க்கவேண்டும்.
இருபது வருஷ சர்வீஸ், எனக்கு அது கடைசியில்தான் தோன்றியது.

டயர் தடம் இல்லை.

ஈர மணல், பின்னால் அலை,
சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு கோடுகூட இல்லை.
பாதங்கள் இருந்தன.
குதிகால் புதைந்து, விரல்கள் அகன்று,
பாரம் இறக்கிய பாதங்கள்.
வண்டிக்கு அடியில் இரண்டு பனங்கட்டை.
அச்சில் இன்னும் அவிழ்க்காத வடம்.
எட்டுப் பேர், நெஞ்சுவரை நனைந்தவர்கள்.
கோட்டு போட்ட ஒருவர் மட்டும் காய்ந்திருந்தார்.

“இவரா உங்க தாத்தா?”
“அய்ய, அது எந்த ஊர் ஆளோ.
இந்தா, இதுதான் எங்க தொம்மைத் தாத்தா.”
விரல் போய் நின்றது
மட்கார்டில் கை விரித்தவர்மேல்.
மற்ற ஏழு பேருக்கும் தலையில் துண்டு இருந்தது.

நான் எதையும் சொல்லவில்லை.
அவர் படத்தை வாங்கி,
கிட்டே, தூரே, மறுபடி கிட்டே.
பிறகு அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்:
“ஏ செலஸ்தீனு, பேர மூடுனதே நம்ம ஆளுதான்!”
கரண்டியோடு வந்தவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
“கொழும்பு தோணியில ஏத்தி விட்டுருப்பாக.
அப்ப இங்க ரோடு ஏது?
எறக்கிட்டு எங்கிட்டு ஓட்டுறது?”

எங்கே ஓட்டினார்கள் என்று படத்தில் இல்லை.
கோட்டுக்காரர் நாலு நாளைக்கு மாடு கட்டி இழுத்திருக்கலாம்.
கடைசிவரை மணலிலேயே கிடந்திருக்கலாம்.
செலஸ்தீன் மட்டும் விடவில்லை:
“ஆனாலும் அது ஃபோர்டுதான்.”

டாட்டா ஏஸுக்கு
இடது முகப்பு விளக்கு, பம்பர், டிங்கரிங் கூலி அனுமதித்தேன்.
மீன் நஷ்டம் பாலிசியில் வராது.
கையெழுத்துப் போடும்போது பஸ்தியான் கேட்டார்,
“அந்தத் துண்டை மட்டும் கம்ப்யூட்டர்ல எடுத்துவிட முடியுமா மேடம்?”

முடியாது என்றேன்.
முடிந்தாலும்.